சங்கத்து செக்கில் யார் கையெழுத்து? விளையாட்டு நிர்வாகத்தில் எல்லாரையும் உட்கார வைக்க ஒரு வழிகாட்டி

ஈரோட்டுப் பக்கம் ஒரு விளையாட்டுச் சங்கத்தில் ஒன்பது வருடம் இணைச் செயலாளராக இருந்தேன். அலுவலகம் என்பது உறுப்பினர் ஒருவரின் நூல் குடோனுக்கு மேலிருந்த அறை. சுவரில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருந்தது. பதினான்கு ஆண்கள், கழுத்தில் சந்தன மாலை. அதற்குக் கீழே கண்ணாடி அலமாரி. அதிலிருந்த கோப்பைகளில் பாதிக்கு மேல் பெண்கள் அணி ஜெயித்து வந்தவை. போட்டோவையும் அலமாரியையும் சேர்த்துப் பார்க்க எனக்கே ஆறு வருடம் ஆனது.

அந்தக் கோப்பைகளை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் ஒரு அரசுப் பள்ளி பி.டி. டீச்சர். பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்குவது, பிறப்புச் சான்றிதழ் நகல் எடுப்பது, தங்கும் இடத்தில் ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போடுவது, எல்லாம் அவர்தான். பரிசளிப்பு விழாவில் அவருக்குக் கொடுத்த வேலை சால்வைத் தட்டை ஏந்தி நிற்பது.

அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பெண்கள் யாரும் முன்வருவதில்லை, காலனிப் பக்கமிருந்து படித்த ஆள் கிடைப்பதில்லை" என்று எல்லாச் சங்கத்திலும் சொல்வார்கள். ஆள் உள்ளேயேதான் இருக்கிறார். வேலையும் அவரே பார்க்கிறார். கையெழுத்துப் போடும் உரிமை மட்டும் வேறொருவர் கையில் இருக்கிறது. அந்தப் பேனாவைக் கை மாற்றுவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. மாவட்டச் சங்கத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன். மாநிலச் சங்கத்தில் ஓட்டுப் போடுவது மாவட்டம், தேசியச் சம்மேளனத்தில் ஓட்டுப் போடுவது மாநிலம். டெல்லியில் உட்காரும் ஆள் இங்கேதான் முளைக்கிறார். தொழில்முறை அணி நடத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

திறமைக்கும் நாற்காலிக்கும் நடுவிலுள்ள தூரம்

1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் முடித்தார். வினாடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலம் போனது. அந்த தேசிய சாதனையை 39 வருடம் கழித்து, 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில், நம் கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் அதே 55.42இல் ஓடிச் சமன் செய்தார். இடையில் 2022 டிசம்பரில் உஷா இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரானார். 1927இல் தொடங்கிய சங்கத்துக்கு அவர்தான் முதல் பெண் தலைவர்.

சாதிக் கணக்கு இன்னும் பழையது. பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்து போய் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தவர். தலித் என்பதால், மத வாரியாக அணி பிரிந்து ஆடிய பம்பாய்ப் போட்டிகளில் இந்துக்கள் அணிக்கு அவரைக் கேப்டனாக்கவே இல்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு அந்தப் பதவி 1923இல்தான் வந்தது. "பந்து போடு, ஆனால் பீல்டிங்கை நான் நிறுத்துகிறேன்" என்ற அந்தப் பழக்கம் முடிந்துபோன கதை என்று நினைப்பவர்கள், தங்கள் ஊர் நோம்பிக் கபடிப் போட்டியில் யார் ஆடுகிறார்கள், யார் மைக் பிடிக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

படி 1: தலை எண்ணுங்கள், ஆனால் சரியான தலைகளை

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆலோசகர் எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு நிர்வாகிக்கும் ஒரு வரி: என்ன பதவி, எத்தனை வருடமாக, விளையாடியவரா, ஆணா பெண்ணா திருநரா, மாற்றுத்திறனாளியா, எந்த ஊர். அதற்குப் பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதுங்கள். செக்கில் கையெழுத்துப் போடுபவரா? தேர்வுக் குழுவில் இருக்கிறாரா? மாநிலப் பொதுக்குழுவில் நம் சார்பாக ஓட்டுப் போடப் போகிறவரா? இந்த மூன்றுக்கும் "இல்லை" என்றால் அது அலங்காரப் பதவி. எங்கள் சங்கத்தில் "மகளிர் துணைத் தலைவர்" என்று ஒரு பதவி இருந்தது. அதை வகித்தவருக்கு நான்கு வருடத்தில் ஒரு மீட்டிங் நோட்டீஸ் கூடப் போகவில்லை. அனுப்ப வேண்டியவன் நான்தான்.

சாதியைப் படிவத்தில் கேட்காதீர்கள். கொங்கு நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றே சங்கம் இரண்டாகிவிடும். அதற்குப் பதில், ஆட்டக்காரர்கள் எந்தத் தெருவிலிருந்து, எந்தப் பள்ளியிலிருந்து வருகிறார்கள், நிர்வாகிகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று இரண்டு பட்டியல் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விளக்கம் தேவைப்படாது. திருப்பூர்க்காரர்கள் இன்னொரு பட்டியலும் போடலாம். பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கேயே படித்து, இங்கேயே விளையாடுகிறார்கள். அவர்கள் பெற்றோரிடம் பேசக்கூடிய ஒருவராவது நிர்வாகத்தில் இருக்கிறாரா?

படி 2: பைலாவை எடுத்துப் படியுங்கள்

பைலா என்பது சங்கத்தின் எழுதப்பட்ட விதிமுறை. பெரும்பாலான நிர்வாகிகள் தங்கள் சங்கத்தின் பைலாவைப் படித்ததே இல்லை. எங்களுடையதைத் தேடி எடுக்கவே இரண்டு மாதம் ஆனது. கடைசியில் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஒரு குழுவின் பதவிக் காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. அதாவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை கதவு திறந்தே ஆக வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? அதே ஆட்கள் "ஒருமனதாக" உள்ளே போகிறார்கள். காரணம் தேர்தல் நாளில் இல்லை, வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. ஓட்டு கிளப்புகளுக்கு. கிளப்பைச் சேர்க்கும் அதிகாரம் பழைய குழுவுக்கு. பத்து வருடமாக ஒரு டீமும் இறக்காத கிளப்புக்கு ஓட்டு இருக்கும். வருடா வருடம் இரண்டு பெண்கள் அணி அனுப்பும் அரசுப் பள்ளிக்கு இருக்காது. சங்கத்தில் ஒரே ஒரு சண்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இந்த வாக்காளர் பட்டியலுக்காகப் போடுங்கள். மற்றவை பின்னால் வரும்.

மேலே என்ன விதி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பேசுவதற்குத் தைரியம் வரும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய அமைப்புகளின் செயற்குழு 15 பேரைத் தாண்டக் கூடாது, அதில் குறைந்தது 4 பெண்கள், குறைந்தது 2 சிறந்த விளையாட்டு வீரர்கள் இருக்க வேண்டும் என்கிறது. விளையாட்டு வீரர்களுக்கென்று தனிக் குழுவும் வேண்டும் என்கிறது. கிரிக்கெட்டில் இது முன்னாடியே வந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2018இல் பிசிசிஐக்கு வந்த புதிய சட்டதிட்டத்தில், ஒன்பது பேர் கொண்ட உச்சக் குழுவில் ஓர் ஆண் வீரரும் ஒரு பெண் வீராங்கனையும் ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகள். அப்படி 2019இல் முதலில் உள்ளே போன பெண், இந்திய மகளிர் அணியின் முன்னாள் கேப்டன் சாந்தா ரங்கசாமி. அதே வருடம் ரூபா குருநாத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத் தலைவரானார். பிசிசிஐயில் இருக்கும் மாநிலச் சங்கம் ஒன்றுக்குப் பெண் தலைவர் அதுதான் முதல் முறை. அவர் முன்னாள் தலைவர் என். சீனிவாசனின் மகள். முதல் கதவு குடும்பத்தின் வழியாகத் திறப்பது நம் நாட்டில் புதிதில்லை. இரண்டாவது ஆள் குடும்பம் இல்லாமல் வர வேண்டுமானால் அதற்குப் பைலா வேண்டும்.

படி 3: மூன்று விதிகளை எழுத்தில் கொண்டுவாருங்கள்

தேசியச் சட்டம் மாவட்டம் வரை இறங்கி வரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் இரண்டு தேர்தல் போய்விடும். நீங்களே எழுதலாம். பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதாது, பிறகு மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வாசகத்தை ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ காட்டிவிடுங்கள். நாங்கள் போட்டது ஏறக்குறைய இப்படி:

"செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும்; தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்."

"ஒருவர் ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது."

"கடந்த மூன்று ஆண்டுகளில் மாவட்டப் போட்டிக்கு அணி அனுப்பிய ஒவ்வொரு பள்ளிக்கும் கிளப்புக்கும் ஒரு வாக்கு, அனுப்பாத கிளப்பின் வாக்கு நிறுத்தி வைக்கப்படும்."

முதல் விதியின் இரண்டாம் பாதிதான் உயிர். அது இல்லாவிட்டால் ஐந்து பெண்களைச் செயற்குழு உறுப்பினர் என்று எழுதி, கடைசி வரிசையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு ஆபத்து நமக்கெல்லாம் பழக்கமானது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. இருந்தும் எத்தனை ஊராட்சியில் "தலைவர் வீட்டுக்காரர்" வந்து நாற்காலியில் உட்காருகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். சங்கத்திலும் அதே நடக்கும். அதைத் தடுக்கச் சுலபமான வழி, கூட்டத்துக்கு உறுப்பினர் மட்டுமே வர வேண்டும், பதிலாள் கூடாது என்று எழுதிவைப்பது. அப்புறம், இப்போதிருக்கும் நிர்வாகியின் மனைவி, மகள், மருமகள் அந்த இடஒதுக்கீட்டுக் கணக்கில் சேர மாட்டார்கள் என்ற ஒரு வரி. இந்த வரியைப் படித்துக் காட்டியபோதுதான் எங்கள் கூட்டத்தில் உண்மையான சத்தம் எழுந்தது.

படி 4: புரவலருக்கு மரியாதை கொடுங்கள், ஓட்டு வேண்டாம்

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். மில், விசைத்தறி, கோழிப்பண்ணை, லாரி பாடி கட்டும் பட்டறை என்று கொங்கு நாட்டில் பணம் இருக்கிறது, கொடுக்கிற மனசும் இருக்கிறது. கோவையில் கூடைப்பந்து இத்தனை தலைமுறையாக நிற்பதற்கு அந்த மனசு ஒரு காரணம். ஆனால் பணம் கொடுத்தவரைத் தலைவராக்குவது வழக்கமாகிவிட்டது. அவருக்கு ஆட்டமும் தெரியாது, நேரமும் இருக்காது. இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார், பாவம்.

பைலாவில் "புரவலர்" என்று ஒரு வகையைத் தனியாக உருவாக்குங்கள். அழைப்பிதழில் முதல் பெயர், மேடையில் நடு நாற்காலி, கோப்பையில் அவர் அப்பா பெயர், எல்லாம் உண்டு. ஓட்டும் கையெழுத்தும் கிடையாது. பயந்துகொண்டுதான் இதைச் சொல்லப் போனேன். எங்கள் புரவலர் சிரித்துவிட்டு, "அப்பாடா, ஞாயித்துக்கிழமையாவது தோட்டத்துக்குப் போலாமுங்க" என்றார். எல்லாரும் இப்படி இருக்க மாட்டார்கள். நன்கொடையை நிறுத்திய ஒருவரும் இருந்தார்.

படி 5: கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு

சின்ன விஷயம் போலத் தெரியும். டீச்சரைப் பொருளாளராக்கலாம் என்று பேச்சு வந்தபோது நடந்தது இது.

"டீச்சர் வந்தா நல்லாத்தானுங்க இருக்கும். ஆனா ராத்திரி மீட்டிங்குக்கெல்லாம் அவங்களால வர முடியுங்களா?" என்றார் தலைவர்.

"ஏனுங்க, மீட்டிங்கை ராத்திரி எட்டு மணிக்கு வெச்சது யாருங்க?" என்றார் டீச்சர்.

யாரிடமும் பதில் இல்லை. கடை சாத்திவிட்டு வருவதற்கு ஆண்களுக்கு வசதியான நேரம் அது, அவ்வளவுதான். ஈரோடு மாவட்டத்திலேயே தாளவாடி இருக்கிறது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, அதோடு புலிகள் காப்பகம் என்பதால் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. அங்கிருந்து ஒரு பழங்குடிப் பள்ளியின் பயிற்சியாளர் எட்டு மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார், எப்படித் திரும்புவார்? ஞாயிறு காலை பதினொரு மணி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி, தரைத்தளம், சக்கர நாற்காலி ஏறும் வழி, பூட்டாத பெண்கள் கழிப்பறை. பஸ் செலவைச் சங்கம் தர வேண்டும், கேட்காமலே தர வேண்டும். வர முடியாதவர்கள் வாட்ஸ்அப் வீடியோவில் சேரலாம். திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: தீபாவளி போனஸ் மாதத்தில் பொதுக்குழு வைக்காதீர்கள்.

படி 6: ஆளை வளர்ப்பது

நிர்வாகி வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஸ்கோர் எழுதியவர் நடுவராவார், நடுவர் போட்டி அமைப்பாளராவார், அவர் செயலாளராவார். ஆண்களுக்கு இந்த ஏணி எப்போதும் இருந்தது. மற்றவர்களுக்கு முதல் இரண்டு படியையாவது சங்கம் காசு கொடுத்துப் போட்டுத் தர வேண்டும். நடுவர் தேர்வுக் கட்டணம், பயிற்சியாளர் உரிமத்துக்கான செலவு, பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்புக்குப் போய்வரும் செலவு, இவற்றுக்கு வருடம் இரண்டு பேரை அனுப்புங்கள். ஒரு டோர்னமென்ட்டின் பிளக்ஸ் செலவில் பாதிகூட ஆகாது.

சென்னையைச் சேர்ந்த ஜனனி நாராயணன் ஐடி வேலையை விட்டுவிட்டு அம்பயரானவர். 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் நின்ற முதல் மூன்று பெண் நடுவர்களில் அவரும் ஒருவர். அவர் வேலையை விட்டது அவருடைய துணிச்சல். எல்லாரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. ஊரில் ஆண்கள் ஆட்டத்துக்கு ஒரு பெண் விசில் ஊதினால் முதல் பத்து நிமிடம் கூட்டம் சிரிக்கும், பிறகு ஆட்டத்தைப் பார்க்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சங்க நிர்வாகி ஒருவர் கோட்டுக்கு ஓரமாக நின்றால் போதும்.

தொழில்முறை அணிகளுக்கு

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியது. இன்று கோவை, திருப்பூர், சேலம் பெயர்களில் அணிகள் இருக்கின்றன. இங்கே தேர்தல் கிடையாது, முதலாளி ஆளை எடுப்பார். ஆகவே பைலா உதவாது, வேலைக்கு எடுக்கும் முறைதான் பிடி. தலைமைப் பயிற்சியாளர், பிசியோ, வீடியோ ஆய்வாளர், அணி மேலாளர், தலைமைச் செயல் அதிகாரி போன்ற வேலைகளுக்கு எந்த அணியாக இருந்தாலும் "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்" என்ற ஒரு போன் காலில் ஆள் முடிவாவதுதான் உலக வழக்கம்.

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எப்எல் 2003இல் ரூனி விதி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தலைமைப் பயிற்சியாளரை எடுக்கும் முன் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணல் செய்தே ஆக வேண்டும். நல்ல விதி. ஓட்டையும் உண்டு. 2022இல் பிரையன் புளோரஸ் என்ற கறுப்பினப் பயிற்சியாளர், தன்னை அழைத்ததே கண்துடைப்புக்குத்தான் என்று சொல்லி வழக்குப் போட்டார். அதனால் நான் இதை இப்படி மாற்றிச் சொல்வேன்: வேலையை வெளிப்படையாக விளம்பரம் செய்யுங்கள், கடைசிச் சுற்றில் இரண்டு பேராவது வழக்கமான வட்டத்துக்கு வெளியிலிருந்து இருக்கட்டும், ஏன் எடுத்தோம் என்று ஒரு பக்கம் எழுதிக் கோப்பில் வையுங்கள். ஒருவரை மட்டும் கூப்பிட்டால் அவர் கணக்குக்கு வந்தவர் என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள்.

முன்னாள் வீரர்களை மறந்துவிடாதீர்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய கிரிக்கெட் அணிக்குப் போன நடராஜன் தன் ஊரிலேயே மைதானம் அமைத்தார். அது 2023இல் திறக்கப்பட்டது. கிராமத்துப் பையன் எங்கே தடுக்கி விழுவான் என்று தெரிந்த இப்படிப்பட்ட ஆளை விளம்பரப் படத்தோடு நிறுத்திவிடாமல், முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைக்க வேண்டும்.

படி 7: புகார் எங்கே போகும்

பெண்களை நிர்வாகத்துக்கு அழைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, "பணியிடம்" என்பதில் விளையாட்டு நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் மூத்த பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளி ஆள் ஒருவர். பத்துக்குக் குறைவு என்றால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். பயிற்சியாளரோ நடுவரோ ஒரு பெண் பிள்ளையிடம் தவறாக நடந்தால் யாருக்குப் போன் செய்வது என்பதை மைதானத்தின் சுவரில் தமிழிலும் இந்தியிலும் எழுதிவையுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டம். அதைச் சங்கத்துக்குள் பேசி முடிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

படி 8: பாரா விளையாட்டு தனி அறை இல்லை

சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் வாங்கியவர். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் அவர் படம் இல்லாத சுவர் குறைவு. ஆனால் மாவட்டச் சங்கங்களின் செயற்குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவரை நான் பார்த்ததே அபூர்வம். இந்திய பாராலிம்பிக் குழு இதில் முன்னே நிற்கிறது. 2020இல் தீபா மாலிக், 2024இல் தேவேந்திர ஜஜாரியா என்று அடுத்தடுத்து பதக்கம் வாங்கிய பாரா வீரர்களே தலைவர்கள். உங்கள் செயற்குழுவில் ஒரு இடத்தை எழுதிவையுங்கள். முதல்வர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகள் பிரிவு இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் ஆள் கிடைப்பார்.

அந்த முதல் கூட்டம்

எங்கள் பைலா திருத்தம் இரண்டு வருடம் இழுத்தது. முதல் தடவை தோற்றது, இரண்டாம் தடவை நான்கு ஓட்டில் தப்பியது. டீச்சர் பொருளாளரானார். செக்கில் இனி அவர் கையெழுத்து. முதல் கூட்டத்துக்குப் பழைய வவுச்சர் கட்டுகளைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

"போன வருசம் வெளியூர்ப் போட்டிக்குப் பசங்களுக்குச் சாப்பாட்டுப் படி நாளுக்கு இருநூத்தம்பதுங்க. பொண்ணுகளுக்கு நூத்தம்பதுங்க. அதுக்கு முந்தின வருசமும் அப்படித்தானுங்க. இது எந்தத் தீர்மானத்துல இருக்குதுங்க?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் என்னைப் பார்த்தார். டீச்சர் ஒரு வவுச்சரை எடுத்து மேஜை மேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "சரிபார்த்தேன்" என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது.